கல்லூரித் தடகளப் போட்டிக்கு மக்கள் தொடர்புப் பொறுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி, 11 ஜனவரி 2025

அக்கா, நான் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிப்ரவரி கடைசியில் எங்கள் கல்லூரியில் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி நடக்கிறது. மக்கள் தொடர்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சுவரொட்டி, பேனர், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் தயாராகிக்கொண்டிருக்கின்றன. கூட்டம் சேர்ப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். சரிதானே?

11 ஜனவரி, இரவு

இல்லை தம்பி. முதலில் ஊக்கு வாங்குங்கள்.

திருச்சியில் மக்கள் தொடர்பு படித்தபோது 2023, 2024 என இரண்டு ஆண்டுகள் இதே பொறுப்பில் இருந்தேன். முதல் ஆண்டு நானும் சுவரொட்டியில்தான் தொடங்கினேன். நகரம் முழுவதும் ஒட்டினோம். போட்டி நாள் காலை ஆறரை மணிக்கு, பதிவு மேசையில் மார்பு எண்ணைக் குத்திக்கொள்ள ஊக்கு தீர்ந்துபோனது. ஓர் எண்ணுக்கு நான்கு மூலையிலும் நான்கு ஊக்கு வேண்டும். 312 பேர் பதிவு செய்திருந்தார்கள் என்றால் 1,248 ஊக்கு. நான் வாங்கி வைத்திருந்தது ஐந்நூறு. அரியலூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டு வந்த ஒரு பெண், எண்ணின் மேல் முனைகளை மட்டும் குத்திக்கொண்டு நீளம் தாண்டினாள். காற்றில் அது மடிந்து முகத்தில் அடித்தது. எங்கள் கல்லூரியைப் பற்றி அவள் மனத்தில் பதிந்தது அந்தத் தாள்தான், என் சுவரொட்டி இல்லை.

13 ஜனவரி

ஊக்கு தவிர வேறு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உடற்கல்வி இயக்குநரின் அறைக்குப் போய் நுழைவுப் படிவங்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் படியுங்கள்.

வகுப்பில் ஜான் மார்ஸ்டன் 1963-இல் சொன்ன நான்கு படிகளைப் படித்திருப்பீர்கள்: ஆய்வு, செயல், தொடர்பு, மதிப்பீடு. ஆய்வு என்றவுடன் நாங்கள் ஒரு வினாத்தாள் தயாரித்து, விடுதி மாணவர்களிடம் "தடகளம் பார்க்க வருவீர்களா?" என்று கேட்டு, வட்ட வரைபடம் போட்டு மதிப்பெண் வாங்கினோம். அதில் ஒரு வரிகூடப் போட்டி நாளன்று உதவவில்லை. உண்மையான ஆய்வு அந்தப் படிவக் கட்டில் இருந்தது. எந்தக் கல்லூரி எத்தனை மணி நேரம் பயணம் செய்து வருகிறது, எத்தனை பெண்கள், எத்தனை பேர் முந்தின இரவே வந்து தங்குகிறார்கள், ஒரே ஆள் ஒரே நேரத்தில் மும்முறைத் தாண்டுதலுக்கும் 400 மீட்டருக்கும் பெயர் கொடுத்திருக்கிறாரா, எல்லாம் அதில் இருக்கிறது.

பெயர்களும் இருக்கின்றன. 2023-இல் பெண்கள் குண்டு எறிதலில் ஒரே பெயரில் இரண்டு பேர். கல்லூரி வேறு, தலைப்பெழுத்து வேறு. நான் பத்திரிகைக் குறிப்பில் தலைப்பெழுத்தை விட்டுவிட்டேன். மறுநாள் நாளிதழில் முதல் பரிசு, ஐந்தாவதாக வந்தவரின் கல்லூரிக்குப் போய்விட்டது. வென்றவரின் பயிற்சியாளர் தொலைபேசியில் கத்தவில்லை. "அவங்க அம்மா பேப்பரை வெட்டி வைக்கணும்னு காலையிலேயே கடைக்குப் போயிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து அலங்காரம் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விளையாட்டுச் சான்றிதழில் பெயர் மாறியிருந்தால், பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியிருப்பது அந்தப் பிள்ளைதான்.

14 ஜனவரி

ஒரு வரி. பொங்கல் விடுமுறை முடிந்ததும் அச்சகங்களில் திருமணப் பத்திரிகை வேலை குவிந்துவிடும். சான்றிதழ்ப் படிவத்தை இந்த வாரமே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

19 ஜனவரி

மைக் பற்றிக் கேட்டதற்கு. இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அறிவிப்பாளர் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதால். ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒன்றை 100 மீட்டர் தொடக்கக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி வைத்திருந்தார்கள். பெண்கள் 100 மீட்டர் இறுதி. எட்டுப் பேரும் குனிந்துவிட்டார்கள். தொடக்குநர் 'செட்' சொல்லிவிட்டார், அடுத்தது துப்பாக்கிதான். அந்த நொடியில் நான், குடிநீர் வழங்கிய நிறுவனத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன். என் குரல் பெட்டியிலிருந்து வெடித்தது. மூன்று பேர் துள்ளி எழுந்து ஓடிவிட்டார்கள்.

2010 முதல் தவறான தொடக்கம் ஒன்று செய்தாலே வெளியேற்றம். எனக்கு அப்போது அந்த விதிகூடத் தெரியாது. தொடக்குநர் அனுபவசாலி. வெளிச் சத்தத்தால் நடந்தது என்று முடிவு செய்து எல்லோருக்கும் பச்சை அட்டை காட்டினார், யார்மீதும் தவறில்லை என்று பொருள். மறுபடி அடுக்கி, மறுபடி ஓடினார்கள். முதல் முறை எல்லோருக்கும் முன்னால் கிளம்பியிருந்த பெண் இம்முறை நான்காவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான்.

அடுத்த ஆண்டு தொடக்குநர் அருகில் ஒரு தன்னார்வலரைச் சிவப்புக் கொடியுடன் நிறுத்தினோம். கொடி உயர்ந்தால் மைக் அணைந்துவிட வேண்டும். பாட்டும் நிற்க வேண்டும். முதல்வரே பேசிக்கொண்டிருந்தாலும் சரி. முன்கூட்டியே முதல்வரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினோம், அவரும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். தொடக்கக் கோட்டுப் பக்கப் பெட்டியை எடுத்துவிட்டோம்.

21 ஜனவரி

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, அந்த நான்காவதாக வந்தவரே எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். இரண்டாவது முறை தோற்றது என் குரலால் இல்லையாம். முந்தின மாலை மண் ஓடுதளத்துக்குத் தண்ணீர் தெளித்ததில் அவருடைய தடம் மட்டும் ஈரமாகவே இருந்திருக்கிறது, மூன்றாவது அடியில் கால் வழுக்கியிருக்கிறது. "எனக்குக் கோபம் மைக்கின்மீது இல்லை. ஓட்டம் முடிந்த பிறகு யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான்" என்கிறார்.

நான் வந்திருக்க வேண்டும். மேசையிலிருந்து முடிவுக் கோடு முப்பது அடிகூட இல்லை. பத்திரிகையாளர் நான்கு பேரை வரவேற்று உட்கார வைப்பதுதான் மக்கள் தொடர்பு என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இரண்டு ஆண்டு கழித்து, நேற்று தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். தம்பி, உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றைக்கே நடந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

26 ஜனவரி

சிறப்பு விருந்தினர்.

2023-இல் ஒன்பது மணிக்குத் தொடக்க விழா. விருந்தினர் வந்தது பத்து இருபதுக்கு. அணிவகுப்புக்காக எட்டே முக்காலிலிருந்து கல்லூரிக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஏழு பேர் உரை. 110 மீட்டர் தடை ஓட்டக்காரர் ஒருவர் மூன்று முறை உடலைச் சூடாக்கிக்கொண்டு மூன்று முறை குளிர்ந்து போனார். தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். அவர் வலியோடு உட்கார்ந்திருந்தபோது மேடையில் ஆறாவது உரை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. விளையாட்டு விழாக்களில் விருந்தினரே வேண்டாம் என்பது என் கருத்து.

2024-இல் விழாவின் நேரத்தை மாற்றினோம். காலை ஆறு மணிக்கு 10,000 மீட்டர், பிறகு தகுதிச் சுற்றுகள். நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் தம்போக்கில் நடக்கும். பதினொன்றரைக்கு இடைவேளை, அப்போது விழா, இருபது நிமிடம். உரைகள் இரண்டு. அணிவகுப்புக்குக் கல்லூரிக்கு இருவர் போதும். விருந்தினர் தாமதமானால் போட்டி காத்திருக்காது என்று அழைப்புக் கடிதத்திலேயே பணிவாக எழுதியிருந்தோம். அவர் பதினொன்று பத்துக்கே வந்துவிட்டார்.

2 பிப்ரவரி

விருந்தினரே வேண்டாம் என்று நான் எழுதியதை எங்கள் உடற்கல்வி இயக்குநர் படித்திருக்கிறார். "அம்மா, அந்த ஆண்டு நீங்கள் பயன்படுத்திய பத்துத் தடைகளும் உயரம் தாண்டுதல் மெத்தையும் யார் கொடுத்தது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். முந்தைய ஆண்டில் வந்த விருந்தினர்தான். அதுவும், அவர் மேடையில் உட்கார்ந்திருந்தபோது இல்லை. பெண்கள் உயரம் தாண்டுதல் நடந்த இடத்துக்கு அவரை சார் அழைத்துப்போய், கிழிந்த மெத்தையைக் காட்டியிருக்கிறார்.

எனவே மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். விருந்தினர் வரட்டும். அவரை மேடையில் கட்டிப்போடாமல் மைதானத்துக்குள் அழைத்துச் செல்ல ஒருவரை நியமியுங்கள், விளையாட்டு தெரிந்த மூன்றாம் ஆண்டு மாணவராக இருந்தால் நல்லது. எந்த முயற்சி எத்தனை மீட்டர், எதற்காகச் சிவப்புக் கொடி காட்டி ஒரு முயற்சியைச் செல்லாது என்றார்கள் என்று பக்கத்தில் இருந்து சொல்லட்டும். 2024-இல் வந்தவர் அரைமணி நேரத்தில் கிளம்புவதாக இருந்தார். ஈட்டி எறிதலைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கும் இருந்தார்.

5 பிப்ரவரி

இதுவரை எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2024, பெண்கள் 100 மீட்டர் இறுதி. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த முதலாமாண்டு மாணவி. முடிவுக் கோட்டில் முதலிடத்துக்கு மூன்று ஸ்டாப்வாட்ச். மூன்றில் நடுவில் உள்ள நேரத்தை எடுப்பது முறை. 12.3 என்று தாள் வந்தது. என் மேசையில் இருந்த சாதனைப் பட்டியலில் 12.45, 2022. நான் யாரையும் கேட்கவில்லை. "புதிய போட்டிச் சாதனை!" என்று அறிவித்தேன். மைதானமே எழுந்து கைதட்டியது. அந்தப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளரின் தொலைபேசியை வாங்கி அப்பாவிடம் பேசினாள். அவள் பேசியதை நான் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் பதிவு அலுவலர் என் மேசைக்கு வந்தார். 2022 போட்டி செயற்கை ஓடுதளத்தில் நடந்தது. அந்த 12.45 மின்னணு நேரம். துப்பாக்கி வெடித்தவுடன் கருவி தானாக ஓடத் தொடங்கும். கையால் அழுத்தும்போது மனிதன் புகையைப் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் கழிந்துவிடுகிறது. அதனால் கையால் எடுத்த நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இரண்டையும் ஒப்பிட, குறுகிய ஓட்டங்களில் கை நேரத்தோடு 0.24 விநாடி சேர்ப்பது வழக்கம். 400 மீட்டருக்கு 0.14. சேர்த்தால் அவள் நேரம் 12.54. சாதனை இல்லை. போதாததற்கு எங்கள் மைதானத்தில் காற்றளவி கிடையாது. பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்குள் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் 100 மீட்டர் நேரம் சாதனைப் பட்டியலில் ஏறாது.

திரும்ப அறிவிக்க வேண்டும். மைக்கில் சொல்வதற்கு முன் அவளிடம் போய் நேரில் சொன்னேன். 2023-இல் கற்காததை அந்த ஒரு முறை சரியாகச் செய்தேன் என்று நம்புகிறேன். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தங்கம் தங்கம்தானே அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பாவுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்று தொலைபேசியை நீட்டினாள். சொன்னேன். அவர் வயலில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்லைம்மா, அடுத்த வருஷம் அந்த மிஷின் வைங்க" என்றார்.

சாதனை என்ற சொல்லை மைக் தொடும் முன் பதிவு அலுவலரின் கையெழுத்து தாளில் இருக்க வேண்டும். சாதனைப் பட்டியலில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் 'கை' அல்லது 'மின்' என்று இப்போதே குறித்து வையுங்கள்.

6 பிப்ரவரி

"கல்லூரி அளவில் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு இவ்வளவு பாடா?" என்று ஒருவர் கேட்கிறார். பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் ஓடியதும் அதே 55.42. முப்பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு பெண்களும் ஒரே கோட்டில் நின்றார்கள் என்று நாம் சொல்ல முடிவது, இரண்டு இடத்திலும் யாரோ ஓர் எண்ணைப் பிழையில்லாமல் எழுதி வைத்ததால்தான். கல்லூரி மைதானத்தில் ஓடும் பெண்ணுக்கும் அந்த மரியாதை உண்டு.

12 பிப்ரவரி

புகைப்படம். இரண்டு விஷயம்.

ஒன்று, பாதுகாப்பு. வட்டு விழும் பகுதி 34.92 பாகைக் கோணத்தில் விரிந்துகொண்டே போகும். தொலைவில் பார்த்தால் வெறும் புல்வெளிதான். எங்கள் குழுவின் முதலாமாண்டுப் பெண், நல்ல கோணம் கிடைக்கும் என்று செல்பேசியோடு அந்தக் கோட்டுக்குள் போய்விட்டாள். வட்டு அவளுக்கு நான்கு மீட்டர் தள்ளி விழுந்தது. அன்று பிற்பகல் முழுவதும் என் கை நடுங்கியது. எறியும் போட்டிக்குப் படம் எடுப்போர் எங்கே நிற்கலாம் என்று சுண்ணாம்பில் ஒரு பெட்டி வரைந்து கொடுங்கள். வெளிப் பத்திரிகையாளருக்கும் அதே பெட்டிதான்.

இரண்டு, பெண் வீரர்கள். குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்து எடுத்த படம், தாண்டி மணலில் விழும்போது உடை விலகிய படம், இவை எங்கள் கல்லூரிப் பக்கத்திலேயே ஏறியிருந்தன. எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, வேகத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். ஒரு பெண்ணின் அண்ணன் அழைத்து, இனி தங்கையை ஓட அனுப்பமாட்டோம் என்றார். படங்களை நீக்கினோம். அவள் அடுத்த ஆண்டு வரவில்லை. இனி எந்தப் படமும் ஏறுவதற்கு முன் குழுவில் உள்ள ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

அறிவிப்பாளரும் உடலைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. உயரம், குரல், ஆண்போல் ஓடுகிறாள் என்பது, எதுவும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன் எங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமான மருத்துவ விவரம் நாடெங்கும் செய்தியானது. அதை எழுதியவர்களும் வாசித்தவர்களும் நம் தொழில்காரர்கள்தான். மைக்கைக் கையில் எடுக்கும் எவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

15 பிப்ரவரி

பத்திரிகைக் குறிப்பு எத்தனை மணிக்கு? உள்ளூர்ப் பதிப்புக்கு மாலை ஆறரைக்குள். கடைசித் தொடர் ஓட்டம் முடியக் காத்திருக்காதீர்கள். மதியம் வரையிலான முடிவுகளோடு ஒன்று அனுப்பி, பிறகு ஒட்டுமொத்தப் புள்ளிகளை மட்டும் தனியாக அனுப்புங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. படத்தில் இடமிருந்து வலம் யார் என்று எழுதாமல் அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் கோப்பாக அனுப்புங்கள், இல்லையென்றால் அச்சில் மங்கிப்போகும். முதல் பத்தியில் விருந்தினர் பெயர் வேண்டாம், வென்றவர் பெயர் வரட்டும். நிர்வாகம் இதற்கு ஒத்துக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆனது.

18 பிப்ரவரி

முதல் நாள் உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக அது உறுத்துகிறது. கூட்டம் தேவையில்லை என்று எனக்கும் தோன்றவில்லை.

10,000 மீட்டர் என்றால் 25 சுற்று. வெயிலுக்கு அஞ்சி காலை ஆறு மணிக்கு வைக்கிறோம். 2023-இல் பதினோரு பேர் ஓடினார்கள், பார்த்தவர்கள் நடுவர்களும் தண்ணீர் கேன் இறக்க வந்தவரும்தான். கடைசிச் சுற்றின் மணி அடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. 2024-இல் விடுதிக் காப்பாளரிடம் பேசினேன். அன்று மட்டும் காலைத் தேநீரை விடுதியில் கொடுக்காமல் மைதானத்தில் கொடுக்கச் சொன்னேன். நூற்று ஐம்பது பேர் தம்ளரோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் யார் எந்த இடத்தில், இன்னும் எத்தனை சுற்று என்று சொன்னேன். இருபதாவது சுற்றில் இரண்டாவதாக ஓடியவர் இடைவெளியைக் குறைக்கத் தொடங்கியபோது தேநீரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். இரண்டு சுற்றுப் பின்தங்கிய கடைசி ஆளுக்கு, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டினார்கள். அவர் முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "என் பேரை எப்படிக் கரெக்டா சொன்னீங்க?" என்று கேட்டார். நுழைவுப் படிவத்தில் பார்த்து, முந்தின நாள் அவர் பயிற்சியாளரிடம் உச்சரிப்பைக் கேட்டு வைத்திருந்தேன்.

அப்படியொரு கூட்டம் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். அதற்குச் சுவரொட்டி எதுவும் செய்யவில்லை, தேநீர் செய்தது.

19 பிப்ரவரி

தேநீர்ச் செலவு யார் கணக்கில் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விடுதிக் கணக்கில்தான். எப்படியும் கொடுக்கிற தேநீர், இடம் மட்டும்தான் மாறியது.

2 மார்ச்

தம்பி, முடிவுத் தாளை நேற்றிரவே எனக்கும் அனுப்பியதற்கு மகிழ்ச்சி. 'கை' என்று ஒவ்வொரு நேரத்துக்கும் குறித்திருக்கிறீர்கள், தலைப்பெழுத்துகள் இருக்கின்றன. இரண்டு இடம் இடிக்கிறது. பெண்கள் 4×400 தொடர் ஓட்டத்தில் இரண்டாவது வந்த அணியில் மூன்று பெயர்தான் இருக்கிறது. நான்காவதாக ஓடியது யார்? ஆண்கள் மும்முறைத் தாண்டுதலில் மூன்றாம் இடத்தின் தூரம் இரண்டாம் இடத்தைவிட அதிகமாக இருக்கிறது, எண்கள் இடம் மாறியிருக்க வேண்டும். மூல அளவுத் தாளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். நாளிதழ் இனித் திருத்தாது, ஆனால் சான்றிதழ் இன்னும் எழுதப்படவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். அந்த நான்காவது பெண்ணின் கல்லூரிக்கு இன்றைக்கே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.